"பிடித்த கலை எது, முன்மாதிரி யார்?" என்று கேட்டால் வன்னிப் பிள்ளை என்ன எழுதுவது?

தங்கச்சி, நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இவ்வளவுதான். ஒரு பயிற்சிநெறிக்கு விண்ணப்பிக்கிறீர்கள். உங்களுக்குப் பிடித்த கலை, பொழுதுபோக்கு, முன்மாதிரியாகக் கொள்ளும் மனிதர் பற்றி அரைப் பக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும். நேர்முகப் பரீட்சையில் அதை வைத்துத்தான் கேள்வி கேட்பார்கள். "எனக்குப் படம் பார்க்கப் பிடிக்கும், யூடியூப்பில பாட்டுக் கேப்பன், அவ்வளவுதான். புதுக்குடியிருப்புப் பக்கம் எங்கட ஊரில கலை எண்டு சொல்ல ஒண்டும் இல்லை. பெரிய ஆக்களின்ர பேர் நாலைஞ்சு எழுதி, முன்மாதிரிக்கு அப்துல் கலாம் எண்டு போட்டாக் காணுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்வி கிடக்கிறது. எதை எழுதுவது என்பது ஒன்று. எனக்குப் பிடித்தவையெல்லாம் எழுதுகிற அளவுக்குப் பெறுமதி உள்ளவையா என்ற சந்தேகம் மற்றது. உங்களை உண்மையில் வருத்துவது இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன். அதனால் அதற்கே கூடுதலாக இடம் கொடுக்கிறேன்.

வன்னிப் பாடசாலைகளில் நாடகமும் அரங்கியலும் பாடத்தை நெடுங்காலம் படிப்பித்தவன் நான். கூத்தும் பழகியிருக்கிறேன். இப்படியான நேர்முகப் பரீட்சைகளுக்குப் பிள்ளைகளைத் தயார்ப்படுத்தியிருக்கிறேன், மேசைக்கு மற்றப் பக்கத்தில் இருந்து கேள்வி கேட்டும் இருக்கிறேன். அந்த அனுபவத்தில் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று: பட்டியல் எடுபடாது. பத்துப் பெயர் எழுதியவரிடம் அதில் ஒன்றைத் தொட்டு "இதில் உங்களுக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்டால், பெரும்பாலும் "நல்லாயிருக்கும்" என்பதோடு கதை நின்றுவிடும். ஒரே ஒரு விஷயத்தை எழுதி அதைப் பற்றி ஐந்து நிமிடம் கதைக்கக்கூடிய பிள்ளை தனியாகத் தெரியும். உறுதியில்லாத பக்கமும் இருக்கிறது. உங்கள் மேசையில் யார் இருப்பார்கள், இதற்கு எவ்வளவு புள்ளி போடுவார்கள் என்று வெளியில் இருந்து எவரும் சொல்ல முடியாது. சினிமா என்று சொன்னால் முகம் சுளிக்கிற ஆளும் இருக்கலாம், கூத்து என்றால் கொட்டாவி விடுகிற ஆளும் இருக்கலாம். அதைக் கணக்குப் போட்டு எழுதப் போனால், எழுதுவது உங்களுடையதாக இருக்காது.

சரி, ஒரு விருப்பத்தை எப்படிச் சொல்வது? நான் பிள்ளைகளிடம் கேட்பது மூன்று. அதை எங்கே, யாரோடு இருந்து முதலில் கண்டீர்கள்? பார்க்கும்போது உங்கள் கண்ணோ காதோ எந்த இடத்துக்குப் போகிறது? அதற்காக எந்தச் சிரமத்தைப் பொறுத்துக்கொள்வீர்கள்? இதில் நடுக் கேள்விதான் முக்கியம். ஒரு பையன் இருந்தான், கடற்கரை ஊர்ப் பிள்ளை. "கலை ஆர்வம்?" என்றால் "பாட்டுக் கேப்பன் சேர்" என்பான், அதற்கு மேல் வாய் திறக்கமாட்டான். கோயில் திருவிழாவில் எங்கே நிற்பாய் என்று கேட்டேன். "தவில்காரருக்குப் பக்கத்தில." ஏன் என்றால், "இடது கைப் பக்கம் நிண்டாத்தான் சேர், கம்பு விழுறது வடிவாத் தெரியும். மற்றப் பக்கம் விரல்தான். ரெண்டும் சேர்ந்து சுத்தி வந்து ஒரு இடத்தில விழும், அதைப் பாக்கத்தான் நிக்கிறனான்" என்றான். தவிலின் ஒரு பக்கம் கம்பால் வாசிப்பது, மற்றப் பக்கம் விரலில் கூடு மாட்டி வாசிப்பது என்று அவனுக்கு ஒருவரும் படிப்பிக்கவில்லை. தாளம் சுற்றி வந்து விழுகிற இடத்தையும் தானாகவே கண்டுபிடித்திருக்கிறான். ஆனால் அதைச் சொல்லலாம் என்றே அவனுக்குத் தெரியவில்லை. விண்ணப்பத்தில் இசை என்று ஒரு சொல்லை மட்டும் போட்டிருந்தான். பிறகு அவனுக்கு யாழ்ப்பாணத்துத் தவில் மேதை தெட்சணாமூர்த்தியின் ஒலிப்பதிவுகளைத் தேடிக் கேட்கச் சொன்னேன். அவர் 1975 இலேயே காலமாகிவிட்டார், ஆனால் வாசித்தவை இன்றைக்கும் கிடைக்கின்றன. முதலில் தன் ரசனையைச் சொல்லத் தெரிந்தபடியால்தான் அந்தப் பெயர் அவனுக்கு உதவியது. பெயரை மட்டும் முதலில் கொடுத்திருந்தால் பாடமாக்கியிருப்பான்.

நீங்கள் படம் பார்ப்பதாகச் சொன்னீர்கள். தாராளமாக எழுதுங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை. எங்கள் ஆக்களின் ரசனையில் சினிமாவுக்குப் பெரிய பங்கு உண்டு. வீட்டில் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். வீடியோ டெக்கும் ரிவியும் வாடகைக்கு எடுத்து, ஜெனறேற்றர் வைத்து, விடிய விடிய மூன்று படம் போட்ட முற்றங்களைச் சொல்வார்கள். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது பற்றரி கிடையாது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் இருந்து வந்த மின்சாரத்தில் வானொலி கேட்டவர்கள் வன்னி ஆக்கள். ஒருவர் சுற்ற மற்றவர்கள் கேட்பார்கள், கை நோக அடுத்தவர் மாறுவார். ஒரு பாட்டுக்காக இவ்வளவு பாடுபட்டவர்களின் பிள்ளைகளுக்குக் கலை ஆர்வம் இல்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். நீங்கள் செய்ய வேண்டியது, படம் பிடிக்கும் என்பதோடு நில்லாமல் உள்ளே போவது. கதாநாயகன் பேசும் வசனமா உங்களை இழுக்கிறது, பேசாமல் நிற்கிற இடமா? பாட்டில் எந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட விட்டுக் கேட்கிறீர்கள்? நகைச்சுவை என்றால் யாரைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள், எந்தப் பகிடிக்கு உங்களுக்குச் சிரிப்பு வரவில்லை? பிடிக்காததைச் சொல்வதும் ரசனைதான். ஒரு படத்தை எல்லோரும் கொண்டாட, உங்களுக்கு அதில் ஒரு பெண்ணை நடத்திய விதம் பிடிக்கவில்லை என்றால் அதை எழுதலாம். காரணத்தோடு மறுக்கத் தெரிந்த பிள்ளை என்று விளங்கும்.

இனி அந்த "எங்கட ஊரில ஒண்டும் இல்லை" என்ற வசனத்துக்கு வருகிறேன். இதைத்தான் நான் விடமாட்டேன். நீங்கள் இருப்பது முல்லைத்தீவு மாவட்டத்தில். கோவலன் கூத்தைத் தனக்கென்று ஒரு ஆட்டமும் மெட்டும் வைத்து ஆடுகிற மண் அது. முல்லைமோடி என்று தனிப் பெயரே இருக்கிறது. வற்றாப்பளைக் கண்ணகி அம்மனின் வைகாசிப் பொங்கலுக்கு நீங்கள் போகாமல் இருந்திருக்கமாட்டீர்கள். முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டாவிநாயகர் கோயிலில் வைத்து, எண்ணெய்க்குப் பதிலாக அந்தக் கடல்நீரில் விளக்கெரிப்பதைச் சின்ன வயதில் இருந்தே கேட்டு வளர்ந்திருப்பீர்கள். நந்திக்கடல் கரையில் மாடு மேய்த்த பொடியன்களிடம் கண்ணகி அம்மன் ஒரு கிழவி வடிவில் வந்து, அவர்கள் புக்கை பொங்கிக் கொடுத்து, விளக்குக்கு எண்ணெய் இல்லை என்றபோது கடல்நீரை விடச் சொன்ன கதையை உங்களுக்கு அம்மம்மாவோ அப்பம்மாவோ சொல்லியிருப்பா. அந்தப் பொங்கலில் சிலம்பு கூறல் படிப்பார்கள். ஒரு கதையைச் சனத்துக்கு முன்னால் ராகத்தோடு சொல்லுகிற கலை அது, வேறு என்ன பெயர் வைத்தாலும்.

கூத்தை எப்படிப் பார்ப்பது என்று தெரியாததால்தான் பல பிள்ளைகள் அது தங்களுக்கு விளங்காது என்று விட்டுவிடுகிறார்கள். அதனால் ஒன்றை மட்டும் கிட்ட நின்று காட்டுகிறேன். காத்தவராயன் கூத்தை எடுங்கள். முத்துமாரி அம்மனுக்கு நேர்த்தி வைத்து ஆடுவார்கள், இரவு தொடங்கினால் விடிய முடியும். காத்தான் பாத்திரத்தை ஒருவரே ஆடுவதில்லை. சிறு வயதுக் காத்தான், வளர்ந்த காத்தான் என்று இரண்டு மூன்று பேர் பங்கிட்டு ஆடுவார்கள். ஆர்மோனியமும் மிருதங்கமும் தாளமும் ஒரு பக்கத்தில் இருக்கும். ஆடுபவர் ஓர் அடியைப் பாடி முடிக்க, பிற்பாட்டுக்காரர் அதை வாங்கிப் பாடுவார்கள். அந்த இடைவெளியில் ஆடுபவரின் காலைப் பாருங்கள். சிந்து நடை என்பது அந்தக் கால் வைப்புத்தான். பாட்டு அவர் வாயில் இல்லாத நேரத்திலும் கால் பாட்டை விடாது. அடுத்த அடிக்கு மூச்சு எடுப்பதும் அப்போதுதான். விடியப் போகிற நேரம் காத்தான் கழுமரம் ஏறுவார். ஒவ்வொரு படியாகக் கால் வைத்து, ஒவ்வொரு படிக்கும் பாடி, தாயைக் கூப்பிட்டு ஏறுவார். இரவு முழுக்கக் கச்சான் கொறித்துக் கதைத்துக்கொண்டிருந்த சனம் அந்த நேரம் எழும்பி இருந்து கும்பிடும். பின்னுக்குப் படுத்திருந்த பிள்ளைகளைத் தட்டி எழுப்புவார்கள். இதில் உங்களுக்கு எது ஞாபகம் இருக்கிறது? பாட்டா, ஆர்மோனியமா, தூக்கக் கலக்கத்தில் கண்ட கழுமரமா? ஒன்று இருந்தால் போதும், அதில் இருந்து எழுதலாம்.

அப்புறம் வயல். உங்கள் வீட்டில் நெல் அரிவியை மெசின் வெட்டுகிறது, அதனால் அரிவிச் சிந்து உங்கள் காதில் விழுந்திருக்காது. வரிசையாக நின்று அரிவி வெட்டியவர்கள் கை ஒரு வேகத்தில் போகப் பாடியவை அவை. காவல் கொட்டிலில் பன்றிக்கும் குருவிக்கும் நித்திரை முழித்திருந்தவர்களின் பள்ளுப் பாட்டும் வன்னியில் உண்டு. எழுபது எண்பது வயது ஆக்கள் சிலருக்கு இன்னும் வரிகள் தெரியும். மன்னார்ப் பக்கம் போனால் வடபாங்கு, தென்பாங்கு என்று கத்தோலிக்கக் கூத்து மரபு வேறு. கூத்து படிப்பறியாத ஆக்களுடையது என்று யாராவது சொன்னால், பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களை வைத்துக் கூத்தை மேடையேற்றியதைச் சொல்லுங்கள். அவர் பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர். வன்னியைக் கதையாக எழுதியவர்களும் இருக்கிறார்கள். தண்ணிமுறிப்புக் காட்டோர வாழ்க்கையை எழுதிய அ. பாலமனோகரன், கிளிநொச்சி மண்ணை எழுதிய தாமரைச்செல்வி ஆகியோரின் ஒரு புத்தகமாவது உங்கள் பாடசாலை நூலகத்தில் கிடைக்கும் என்று நம்புகிறேன்.

ஆனால் உங்கள் வயதுப் பிள்ளைகளுக்கு இவை ஏன் கண்ணில் படவில்லை என்பதையும் நான் விளங்கிக்கொள்கிறேன். 2008, 2009 இடப்பெயர்வில் சனம் ஊர் ஊராக ஓடியபோது கூத்துப் பழக்கும் அண்ணாவியாரின் கூத்துக் கொப்பி, ஆர்மோனியம், மத்தளம், உடுப்புப் பெட்டி எதுவும் கூட வரவில்லை. பாட்டுத் தெரிந்த பலரும் திரும்பி வரவில்லை. மீள்குடியேறிய பிறகு, மனதில் கிடந்ததை வைத்து எழுதி எழுதித்தான் பல இடங்களில் திரும்பவும் தொடங்கினார்கள். நீங்கள் வளர்ந்தது அந்த இடைவெளியில். அதையே எழுதலாம், அதுவும் உண்மை. "எங்கள் ஊரில் முன்பு கூத்து ஆடினார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், நான் பார்த்தது குறைவு, பார்க்க ஆசை இருக்கிறது" என்று ஒரு பிள்ளை எழுதினால் நான் அதை மதிப்பேன். பார்க்காததைப் பார்த்தேன் என்று எழுதினால் இரண்டாவது கேள்வியில் தெரிந்துவிடும்.

ஊர்ப் பெருமையை எழுதப் போகும்போது ஒரு கவனம் வேண்டும். மரபாகச் சொல்லும் கதையையும் பதிவாக உள்ள வரலாற்றையும் கலக்காதீர்கள். கண்ணகி மதுரையை எரித்துவிட்டு வற்றாப்பளைக்கு வந்தா என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. சிலப்பதிகாரத்தில் அப்படி இல்லை. சேர நாட்டில் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோயில் எடுத்தபோது இலங்கை மன்னன் கயவாகு வந்திருந்தான் என்பதுதான் அங்கே உள்ளது. "எங்கள் ஊரில் இப்படிச் சொல்வார்கள்" என்று எழுதினால் இரண்டுக்கும் மரியாதை. வன்னியை ஆண்ட சிற்றரசன் பண்டாரவன்னியனின் கதையும் அப்படித்தான். 1803 ஓகஸ்ட் மாதத்தில் ஆங்கிலேயரிடம் இருந்து முல்லைத்தீவுக் கோட்டையை அவன் பிடித்ததும், அதே ஆண்டு ஒக்ரோபர் 31 அன்று ஒட்டுசுட்டானுக்குக் கிட்டக் கற்சிலைமடுவில் ஆங்கிலேயப் படையின் கப்டன் வொன் டிறிபேர்க் அவனைத் தோற்கடித்ததும் பதிவில் உள்ளவை. கற்சிலைமடுவில் ஆங்கிலேயர் நட்ட கல் தோல்வியைத்தான் சொன்னது, அங்கே அவன் இறந்ததாகச் சொல்லவில்லை. காக்கைவன்னியன் அவனைக் காட்டிக் கொடுத்த கதை நாடக மேடையில் எங்கள் எல்லோர் மனதிலும் பதிந்தது. நானும் பிள்ளைகளை வைத்து அதை மேடையேற்றியிருக்கிறேன். நேர்முகத்தில் கேட்டால், அது நாடகத்தில் வருவது என்று சொல்லுங்கள்.

பொழுதுபோக்கைப் பற்றி நீட்டத் தேவையில்லை. நூல் வாசித்தல், தோட்டஞ்செய்தல், முத்திரை சேகரித்தல் என்று பாடப்புத்தகத்தில் இருப்பதை எழுதாதீர்கள். பின்னேரம் உண்மையில் என்ன செய்கிறீர்களோ அதை எழுதுங்கள். கரப்பந்து விளையாடுவீர்களா, மாட்டுவண்டிச் சவாரி பார்க்க அப்பாவோடு போவீர்களா, தையல் மெசினில் ஏதாவது தைப்பீர்களா, ரிக்ரொக்கில் சமையல் பார்த்துச் செய்து பார்ப்பீர்களா, எதுவானாலும் சரி. சவாரி என்றால் எந்தச் சோடி மாடு ஓடும் என்று எதை வைத்துச் சொல்வீர்கள் என்று ஒரு வரி சேருங்கள், காணும்.

முன்மாதிரிதான் கடினமானது. கலாமை எழுதலாமா என்றால், எழுதலாம். அவர் மன்னாருக்கு எதிர்க்கரையான இராமேஸ்வரத்தில் பிறந்தவர், 2012 இல் யாழ்ப்பாணத்துக்கும் வந்து போனவர், எங்கள் பிள்ளைகளுக்கு அவர் மேல் பற்று வருவது இயல்பு. சிக்கல் என்னவென்றால், முன்மாதிரி கலாம் என்று எழுதுகிறவர்களில் பெரும்பாலானோர் கனவு காணுங்கள் என்று அவர் சொன்னதோடு நின்றுவிடுகிறார்கள். அவர் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு சம்பவம் இருக்கிறது. 1979 ஓகஸ்ட்டில் அவர் பொறுப்பில் ஏவிய முதலாவது எஸ்.எல்.வி-3 ஏவுகலம் கடலில் விழுந்தது. அன்றைக்குப் பத்திரிகையாளருக்கு முன்னால் போய் நின்று பொறுப்பை ஏற்றவர் இஸ்ரோவின் தலைவர் சதீஷ் தவான். அடுத்த ஆண்டு ஜூலையில் ஏவியது வெற்றி பெற்றபோது, பத்திரிகையாளரைச் சந்திக்கத் தவான் கலாமை அனுப்பினார். கலாமை எனக்குப் பிடிக்கும், அவர் தன் தலைவரிடம் இதைக் கற்றுக்கொண்டார், எங்கள் வலைப்பந்து அணிக்குத் தலைவியாக இருந்தபோது நானும் அப்படி இருக்கப் பார்த்தேன் என்று எழுதிவிட்டால், அதே பெயர்தான், ஆனால் இப்போது அது உங்கள் முன்மாதிரி. உங்கள் நடத்தையில் ஒரு இடத்தைக் காட்டி, "இதை அவரிடம் இருந்து எடுத்தேன்" என்று சொல்ல முடிய வேண்டும். முடியாவிட்டால் அவர் நீங்கள் மதிக்கும் ஒருவர், அவ்வளவுதான். அதில் தவறு ஒன்றும் இல்லை, வேறு ஆளைத் தேடுங்கள்.

என்னைக் கேட்டால் குழந்தை ம. சண்முகலிங்கத்தைச் சொல்வேன். 1978 இல் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கியவர், 2025 இல் காலமானார். பெரியவர்களுக்குப் பெரிய நாடகங்கள் எழுதியவர், பாடசாலைப் பிள்ளைகளுக்கும் அதே அக்கறையோடு எழுதினார். என் வகுப்பில் வசனம் பேசத் தயங்கும் பிள்ளைக்கும் மேடையில் ஒரு வேலை இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருப்பது அவர் வழியைப் பார்த்துத்தான்.

பக்கத்தில் உள்ள ஆளை எழுதலாமா என்றால், அதுதான் பல நேரம் திறம். மர நிழலில் பாயை விரித்து வைத்து இடம்பெயர்ந்த பிள்ளைகளுக்குப் படிப்பித்த ஆசிரியர்கள் வன்னியில் இருந்தார்கள். 1996 இல் கிளிநொச்சிச் சனம் அக்கராயனுக்கும் ஸ்கந்தபுரத்துக்கும் மல்லாவிக்கும் போனபோதும் அது நடந்தது, பிறகும் நடந்தது. தனியாக நின்று பிள்ளைகளை வளர்த்த தாய்மார் ஒழுங்கைக்கு ஒழுங்கை இருக்கிறார்கள். ஆனால் "என் அம்மா கஷ்டப்பட்டு வளர்த்தா" என்று மட்டும் எழுதினால் கேட்பவருக்கு அம்மா தெரியமாட்டா. அம்மா செய்த ஒரு காரியத்தை எழுதுங்கள். கடன் புத்தகத்தை எப்படி வைத்திருந்தா, ஆஸ்பத்திரியிலோ அரசாங்கக் கச்சேரியிலோ எப்படிக் கேட்டு வேலையை முடித்தா, அதில் எதை நீங்கள் பழகிக்கொண்டீர்கள் என்று எழுதுங்கள். பழைய கதையில் இருந்து ஒருவர் வேண்டுமென்றால் அரியாத்தை இருக்கிறா. ஆண்கள் பின்வாங்கிய இடத்தில் யானையைப் பிடித்துக் கட்டியவ என்று வன்னியில் சொல்லும் வேலப்பணிக்கனின் மனைவி. அவவின் பேரில் ஒப்பாரிப் பாட்டே இருக்கிறது.

இன்னொன்றை மெதுவாகச் சொல்ல வேண்டும். எங்கள் பகுதியில் சில பிள்ளைகளுக்கு முன்மாதிரி என்றதும் மனதில் வருகிற ஆள் இன்று இல்லை, அல்லது எங்கே என்றே தெரியாது, அல்லது அந்தப் பெயரை அந்நியர் முன்னால் சொல்ல மனம் இடங்கொடாது. நேர்முக மேசையில் உங்கள் மனதில் உள்ள முதலாவது பெயரைத்தான் சொல்ல வேண்டும் என்று சட்டம் இல்லை. அதற்காகப் பொய்யும் சொல்லத் தேவையில்லை. ஒரு மனிதருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முன்மாதிரிகள் இருப்பார்கள். அழாமல், பயமில்லாமல் கதைக்கக்கூடிய ஒருவரை அந்த மேசைக்குத் தெரிவு செய்யுங்கள். மற்றவர் உங்களோடு இருக்கட்டும். அப்படித் தெரிவு செய்வதில் குற்ற உணர்ச்சி வேண்டாம், தங்கச்சி.

எழுதும் விதத்துக்கு ஒரு மாதிரி தருகிறேன். இதைப் பார்த்து எழுத வேண்டாம், அளவைப் பார்க்கத்தான்: "எனக்குப் பாட்டுக் கேட்கப் பிடிக்கும். பாட்டுத் தொடங்க முதல் வரும் இசையைத்தான் கூடக் கேட்பேன். நாதஸ்வரமோ புல்லாங்குழலோ வந்தால் அந்த இடத்தைத் திரும்பப் போட்டுக் கேட்பேன். எங்கள் அம்மன் கோயில் திருவிழாவில் பத்து நாளும் நாதஸ்வரம் கேட்டு வளர்ந்ததால் அந்தப் பழக்கம் வந்திருக்கலாம். முறையாக இசை படிக்கவில்லை. எட்டாம் வகுப்பில் எனக்குக் கணிதம் படிப்பித்த ஆசிரியர் பிழையான விடையைக் கரும்பலகையில் எழுதி, எங்கே பிழைத்தது என்று எங்களையே கண்டுபிடிக்க விடுவார். யாருடைய விடை என்று சொல்லமாட்டார். தம்பிக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும்போது நானும் அப்படிச் செய்கிறேன்." இவ்வளவுதான். பெரிய பெயர் ஒன்றும் இல்லை. ஆனால் வாசிப்பவருக்கு நான்கு கேள்வி கேட்க வழி இருக்கிறது, அந்த நான்குக்கும் எழுதிய பிள்ளையிடம் பதில் இருக்கும். "முறையாகப் படிக்கவில்லை" என்ற வசனத்தை எடுத்துவிடாதீர்கள். எல்லையைத் தானே சொன்னவரை அந்த எல்லைக்கு வெளியே கொண்டுபோய் மடக்க ஒருவரும் விரும்பமாட்டார்கள்.

எழுதின பிறகு சத்தம் போட்டு வாசித்துப் பாருங்கள். அக்காவிடமோ சிநேகிதியிடமோ கொடுத்து, ஒவ்வொரு வசனத்துக்கும் "ஏன்?" என்று இரண்டு தரம் கேட்கச் சொல்லுங்கள். இரண்டாவது "ஏன்" வரும்போது வாய் அடைத்துப் போகிற வசனத்தை வெட்டுங்கள். எழுத்துத் தமிழில் எழுதுங்கள், ஆனால் மேசையில் ஊர்த் தமிழிலேயே கதையுங்கள், நேர்முகத்தில் அது குறை இல்லை. நீங்கள் விண்ணப்பிப்பது நடனம், சங்கீதம், நாடகம் போன்ற அழகியல் துறைக்கு என்றால் மட்டும் விஷயம் வேறு. அங்கே செயன்முறைப் பரீட்சையும் வைப்பார்கள், பாடவோ ஆடவோ நடிக்கவோ வேண்டியிருக்கும், விருப்பத்தைச் சொல்வது மட்டும் போதாது. உங்கள் கேள்வியில் அதைக் குறிப்பிடவில்லை. எந்தத் துறை என்று சொன்னால் அதற்குத் தனியாக எழுதுகிறேன். அரைப் பக்கத்தை எழுதி முடித்தால் இங்கேயே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். பெயர், பாடசாலை, ஊர் விபரத்தை எடுத்துவிட்டுப் போடுங்கள்.